மாட்டைப் பிடிக்கலாம், பெயரைக் கேட்கலாமா?

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 30ஆவது பிரிவைத் தோல் வியாபாரத்தில் இருக்கும் ஒருவர் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். ஆட்டையோ, பசுவையோ, அதன் கன்றையோ கொடூரமாகக் கொன்றதாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்படுகிறது. அந்த நேரத்தில் அப்படிப்பட்ட விலங்கின் தோல் அவர் கைவசம் இருந்தது, அதில் தலைப்பகுதித் தோலும் ஒட்டியிருந்தது என்று நிரூபணமாகிறது. அவ்வளவு போதும். கொடூரமாகத்தான் கொல்லப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பாடு. 32ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்படிப்பட்ட தோல் ஓரிடத்தில் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோ மாநில அரசு அதிகாரம் கொடுத்த வேறொருவரோ உள்ளே நுழைந்து சோதனை போட்டுத் தோலைக் கைப்பற்றலாம்.

முறையாக அறுத்த ஆட்டின் தோல் தலையோடு சேர்ந்து வராது, தலையோடு உரித்திருந்தால் அறுப்பில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்ற கணக்கு இந்தப் பிரிவுக்குள் இருப்பதாகத்தான் படிக்க முடிகிறது. அந்தக் கணக்கு மாட்டுத் தோலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. நமக்கு இங்கே வேண்டியது வேறு. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பட்டையில் தினமும் கைமாறும் சரக்கை வைத்தே குற்றத்தை அடையாளம் காண 1960இலேயே சட்டம் வழி செய்து வைத்திருக்கிறது. குற்றம் செய்தவர் என்று சந்தேகிக்கப்படும் ஆளை அடையாளம் காணும் இடத்துக்கு வந்தால் மட்டும் அதே சட்டம் வாயடைத்துப் போகிறது.

ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். வேலூருக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடித்த மாடுகள் பொழுது சாய்வதற்குள் வண்டியேறும். விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978-இன்படி ஒரு சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால் வழுக்காதபடி தரையில் ஏதாவது விரித்திருக்க வேண்டும். மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூடவே வர வேண்டும். வேறு சரக்கை அதே வண்டியில் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதியான நிலையில் மாடுகள் இருக்கின்றன என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று உடன் வர வேண்டும். நாம் கற்பனை செய்யும் லாரியில் 14 மாடுகள். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் அதை நிறுத்துகிறார்கள்.

நிறுத்துபவர் யார் என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. விலங்கு நல ஆய்வாளர் என்று ஒரே பதவி நம் நாட்டில் கிடையாது. போலீஸ்காரர் இருக்கிறார், கால்நடை பராமரிப்புத் துறை மருத்துவர் இருக்கிறார், மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வாளர் இருக்கிறார், விலங்கு நல வாரியத்தின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் கௌரவப் பிரதிநிதி இருக்கிறார், எந்த அட்டையும் இல்லாத தொண்டரும் இருக்கிறார். சாலையில் நிற்கும்போது ஐந்து பேரும் ஒரே குரலில்தான் பேசுவார்கள். சட்டத்தின் கண்ணில் ஐந்து பேரும் ஒன்றல்ல.

சங்கத்து ஆய்வாளர்தான் நிறுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டந்தோறும் சங்கம் அமைப்பதற்காக 2001இல் வந்த மத்திய விதிகள் அவருக்கு நிறையவே கொடுத்திருக்கின்றன. குற்றம் நடந்திருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலங்கைக் காட்டச் சொல்லலாம். உரிமம், அனுமதி, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய வேறு ஆவணம் எதுவானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வண்டியை மறிக்கலாம், கட்டடத்துக்குள் நுழையலாம், விலங்கைக் கைப்பற்றலாம். இதோடு தாய்ச்சட்டத்தின் 34ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியோ, மாநில அரசு இதற்கென அதிகாரம் அளித்தவரோ விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட் முன்போ கால்நடை மருத்துவர் முன்போ கொண்டுபோகலாம்; அப்போது விலங்கின் பொறுப்பில் இருப்பவரையும் கூட வரச் சொல்லலாம்.

இவ்வளவு நீளமான பட்டியலில் “உன் பெயர் என்ன, ஊர் எது” என்று கேட்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆய்வாளர் கேட்கலாம், கேட்பதை யாரும் தடுக்கவில்லை. டிரைவர் பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்தால், அதையே ஒரு குற்றமாக ஆக்கும் வரி இந்தச் சட்டத்தில் இல்லை. மாடு எத்தனை, எந்த நிறம், எந்தக் கொம்பு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் மகஜரில் ஏறிவிடும். அந்த மாடுகளோடு கால்நடை மருத்துவமனை வரை நடந்து வந்த மனிதர் யார் என்பது அவராகச் சொன்னால்தான் ஏறும்.

பெயர் கேட்கும் அதிகாரம் போலீஸிடம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39ஆவது பிரிவாக இருக்கிறது. போலீஸ் அதிகாரியின் கண்ணெதிரே ஒருவர் பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றத்தைச் செய்கிறார், அல்லது செய்ததாக அங்கே குற்றம் சாட்டப்படுகிறார். பெயரும் முகவரியும் கேட்டால் தர மறுக்கிறார், அல்லது பொய் என்று நம்பத் தகுந்த ஒன்றைச் சொல்கிறார். அப்போது பெயரைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அவரைக் கைது செய்யலாம். உண்மைப் பெயரும் முகவரியும் தெரிந்ததும் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரியவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். அளவான, நிதானமான பிரிவு. இந்தியக் குற்றவியல் சட்டங்களில் இப்படி நோக்கத்தையும் எல்லையையும் சேர்த்தே எழுதிய பிரிவுகள் அதிகமில்லை.

நம் லாரி விவகாரத்தில் இந்தப் பிரிவுதான் பொருந்தும். காரணம், 1960 சட்டத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்கள் கொஞ்சம்தான். கொடூரமாகக் கொல்வது அல்லது உறுப்பைச் சிதைப்பது, விலங்குச் சண்டைக்கு இடம் கொடுப்பது, அடைத்து வைத்த விலங்குகளைத் திறந்துவிட்டுச் சுடும் போட்டி, பால் கறக்கச் செய்யும் பூக்கா வதை ஆகியவை 31ஆவது பிரிவில் வருகின்றன. வண்டியில் வதைத்து ஏற்றிச் செல்வது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், மாஜிஸ்திரேட்டைப் பாருங்கள் என்பார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் புலனாய்வு கிடையாது. நெடுஞ்சாலையில் இரவு பதினோரு மணிக்கு மாஜிஸ்திரேட் உத்தரவுக்கு எங்கே போவது?

இதைச் சுற்றிக்கொண்டு போகப் போலீஸுக்குத் தெரிந்த வழி, விலங்கைக் கொல்வது, முடமாக்குவது பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவைச் சேர்ப்பது. முன்பு 428, 429 என்று இருந்தவை இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 325. 5 ஆண்டு வரை சிறை. ஒரு வழக்கில் ஒரு குற்றம் இந்த வகைப்பட்டதாக இருந்தால் வழக்கு முழுவதையுமே போலீஸ் விசாரிக்கலாம். வண்டிக்குள் ஒரு மாடு கால் முறிந்து கிடந்தால் இது நியாயமான வழி. 14 மாடுகளும் மூச்சு முட்ட நின்றிருந்தாலும் ஒன்றுக்கும் காயமில்லை என்றால், இல்லாத முடத்தை எழுதித்தான் புலனாய்வு அதிகாரத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கும். அப்படி எழுதிய வழக்கு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

இதில் அவசரத்தைக் கூட்டுவது 36ஆவது பிரிவு. குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதம் கழிந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர முடியாது. திருட்டு வழக்கில் ஆள் சிக்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம். விலங்குவதையில் 90 சொச்சம் நாளுக்குள் ஆளும் கிடைத்து, முகவரியும் சரியாக இருந்து, புகாரும் மாஜிஸ்திரேட் மேசைக்குப் போயிருக்க வேண்டும். பொய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் போன டிரைவருக்கு இந்தக் காலக்கெடு பெரிய உபகாரம். இத்தனைக்கும் பிடிபட்டு நிரூபணமானால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஆம்பூரில் ஒரு பிளேட் பிரியாணி அதைவிட விலை அதிகம். தண்டனை போதாது, உயர்த்துங்கள் என்று 2014 மே 7இல் ஜல்லிக்கட்டு வழக்கான நாகராஜா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்குச் சொன்னது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, நேரு அரசின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெற்று, கடைசியில் 1960இல் சட்டமானபோது 50 ரூபாய்க்கு இருந்த மதிப்பு வேறு. அவர் தலைமையில் 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல வாரியம் 2018இல் அரியானாவின் பல்லப்கருக்கு இடம் பெயர்ந்தும் விட்டது. அபராதத் தொகை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

டிரைவர் உண்மைப் பெயரையே சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் வேலை முடியவில்லை. “பொறுப்பில் இருப்பவர்” என்று 34ஆவது பிரிவு சொல்வது அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவரை. மாடு வாங்கியவர் வேறு, தரகர் வேறு, வண்டி உரிமையாளர் வேறு, சரக்கை எதிர்பார்த்திருப்பவர் வேறு. 14 மாடுகளை ஏற்றச் சொன்னது டிரைவர் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வழக்கு ஏட்டில் முதல் எதிரி டிரைவர், இரண்டாம் எதிரி கிளீனர் என்று எழுதிக் கதை முடிந்துவிடும்.

மற்றவர்களை அடையாளம் காணச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அது ஆய்வாளரின் கேள்வியில் இல்லாமல் வண்டியின் மேல் இருக்கிறது. 1978 விதிகளின் 49ஆவது விதி படிக்கச் சுவாரசியமானது. மாடுகளை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதில் கொட்டையான சிவப்பு எழுத்தில் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இருந்தால் அதன் எண், மாடுகளின் எண்ணிக்கை, வகை, கொடுத்தனுப்பிய தீவனத்தின் அளவு எல்லாம் இருக்க வேண்டும். இந்தச் சிவப்பெழுத்துச் சீட்டு ஒட்டிய லாரியை நெடுஞ்சாலையில் பார்த்தவர்கள் கையைத் தூக்கலாம். சீட்டு இல்லாததே விதிமீறல்தான். அதைப் பதிவு செய்வதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை, யாரும் வாய் திறக்கவும் தேவையில்லை.

இரண்டாவது வழி பணத்தின் பக்கமிருந்து வருகிறது. வழக்கில் கைப்பற்றிய விலங்குகளைப் பராமரிப்பது பற்றிய 2017 விதிகள், வண்டியைப் பிணையாகப் பிடித்து வைக்கச் சொல்கின்றன. பராமரிப்புச் செலவுக்கு வண்டி உரிமையாளர், அனுப்புபவர், பெறுபவர், போக்குவரத்துக்காரர், முகவர் எல்லோரையும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகளாக்குகின்றன. பெயர் சொல்லாமல் நழுவுகிறவர் தன் வண்டியை விட்டுவிட்டு நழுவ மாட்டார். ஆனால் இந்த விதிகள் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. தீர்ப்புக்கு முன்பே ஒருவரின் பிழைப்புக்கான மாட்டைப் பறித்துக் கோசாலைக்குக் கொடுப்பது எப்படிச் சட்டத்தோடு ஒத்துப்போகும் என்று 2021 ஜனவரியில் தலைமை நீதிபதி பாப்டே அமர்வு மத்திய அரசைக் கேட்டது. கேள்வி நியாயமானது. அடையாளம் காண்பதற்கான கருவியே தண்டனையாக மாறிவிடக் கூடாது.

மூன்றாவது வழியை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. கால்நடை வண்டிகளுக்கு மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015இல் சேர்த்தார்கள். இடநெருக்கடி அதன் பிறகு வாகனச் சட்டக் குற்றமாகவும் ஆகிவிட்டது. வாகனச் சட்டத்தில் சீருடைப் போலீஸ் கேட்டால் உரிமத்தை எடுத்துக் காட்டியே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் டிரைவர் மீது குற்றச்சாட்டு வந்தால் அவருடைய பெயரையும் முகவரியையும் தர வேண்டிய கடமை 133ஆவது பிரிவின்படி வண்டி உரிமையாளருக்கு உண்டு. நம்பர் பிளேட்டில் தொடங்கினால் உரிமையாளர், உரிமையாளரிடமிருந்து டிரைவர் என்று நூல் பிடித்துக்கொண்டு போகலாம். விலங்குவதைச் சட்டத்தால் முடியாததை வாகனச் சட்டம் செய்துகொடுக்கும் என்பது நம் சட்டப் புத்தகங்களின் விசித்திரங்களில் ஒன்று.

இன்னொரு விசித்திரம் ஜிஎஸ்டியில் இருக்கிறது. பச்சைத் தோலுக்கும் உப்புத் தோலுக்கும் 5 சதவீத வரி உண்டு. சென்னை பெரியமேட்டிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஒரு லோடு தோல் ஆம்பூரில் ‘தோல் ஷாப்’ என்று சொல்லும் பதனிடும் தொழிற்சாலைக்கு வருகிறதென்றால் மதிப்பு வரம்பைத் தாண்டியதும் இ-வே பில் வேண்டும்: அனுப்புபவர் எண், பெறுபவர் எண், வண்டி எண். உயிருள்ள மாட்டுக்கு வரி விலக்கு, எனவே இ-வே பில்லும் வேண்டாம். உரித்து உப்பு தடவிய பிறகு அந்த மாட்டைப் பின்தொடர்வது வணிகவரித் துறைக்குச் சுலபம். அது மூச்சு விட்டுக்கொண்டு போகும்போதுதான் அதற்கு உடையவர் யார் என்பது புகைமூட்டம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2001இல் கொண்டுவந்த விலங்குப் பராமரிப்புச் சட்டம், குற்றம் செய்ததாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கும் ஒருவரிடம் பெயரையும் முகவரியையும் கேட்க ஆய்வாளருக்கு அதிகாரம் தருகிறது. காரணமில்லாமல் மறுப்பது குற்றம். ஆனால் ஆய்வாளர் முதலில் தன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், மறுத்தால் என்ன ஆகும் என்றும் எச்சரிக்க வேண்டும். இங்கிலாந்தில் வேறு கதை. உலகப் புகழ்பெற்ற ஆர்.எஸ்.பி.சி.ஏ. ஆய்வாளர்கள் சீருடையில் வருவார்கள்; ஆனால் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ‘ஆய்வாளர்’ என்று சொல்வது உள்ளாட்சி அமைப்போ அரசோ நியமித்தவரை. சங்கத்துச் சீருடைக்காரர் கேட்டால் பதில் சொல்வதும் சொல்லாததும் கேட்கப்படுபவர் விருப்பம். வற்புறுத்த வேண்டுமென்றால் போலீஸைக் கூப்பிட வேண்டும். சந்தேகத்துக்கு ஆளானவரிடம் பெயர் கேட்கும் உரிமையை யாருக்குத் தரலாம் என்பதில் இரண்டு இடங்களும் இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன.

நம் ஊருக்கு எது பொருந்தும் என்று யோசிக்கும்போது பெயர் என்பது இங்கே வெறும் முகவரித் தகவல் இல்லை என்பதை மறக்க முடியாது. பாலாற்றுப் பட்டையில் மாட்டு வியாபாரிகளிலும் தோல் ஷாப் முதலாளிகளிலும் முஸ்லிம்கள் பலர். தோல் உரிப்பவர்களிலும் தொட்டிகளில் நின்று வேலை செய்பவர்களிலும் தலித்துகள் பலர். இருட்டில் லாரியை மறித்து “பேர் சொல்லு” என்று கேட்கும்போது கேட்பவர் காதில் விழுவது மதமும் சாதியும்தான். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் தங்களைப் பசுப் பாதுகாவலர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 2018 ஜூலை 17இல் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், சட்டத்தைக் கையில் எடுக்கும் கும்பல்களைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில், பெயர் கேட்கும் அதிகாரத்தை அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் கொடுங்கள் என்று விலங்கு நல ஆர்வலர்கள் கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக யாருக்குமே வேண்டாம் என்பதும் சரியில்லை. 1960 சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி மாநில அரசு அதிகாரமளித்தவர்களை அதே சட்டத்தின் 39ஆவது பிரிவு பொது ஊழியர்களாகக் கருதுகிறது. பொது ஊழியர் என்றால் அவர் தவறினால் கேட்க ஒரு மேலிடம் உண்டு, அவர் எழுதியதற்கு அவர் கையெழுத்து உண்டு. அந்தச் சிறு வட்டத்துக்கு, சந்தேகத்தின் காரணத்தை எழுதி வைத்து, தன் பெயரையும் அட்டையையும் முதலில் காட்டி, பிறகு எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்கும் அதிகாரத்தைக் கொடுப்பதில் ஆபத்து குறைவு. வாரியத்தின் கௌரவ அட்டை ஒருவரை அந்த வட்டத்துக்குள் தானாகக் கொண்டுவந்து விடாது என்பதையும் சாலையில் நிற்பவர்களுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும்.

எல்லோர் பெயரையும் எல்லா நேரத்திலும் கேட்கலாம் என்று போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. 2017 மே 23இல் வந்த கால்நடைச் சந்தை விதிகள், சந்தைக்கு மாடு கொண்டுவருபவரின் பெயர், முகவரி, புகைப்பட அடையாளச் சான்றின் நகல், இறைச்சிக்காக விற்கவில்லை என்ற உறுதிமொழி, வாங்குபவர் விவசாயிதான் என்பதற்கான ஆதாரம் என்று கேட்டன. சந்தேகமே இல்லாத இடத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட விதிகள் அவை. மே 30இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது, ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. தோல் தொழிலும் மாட்டு வியாபாரமும் அந்த ஆண்டு பட்ட பயத்தில், வதையைத் தடுப்பது என்ற பேச்சே எதிர்முகாமின் பேச்சாகிப் போனது.

ஆனால் ஆம்பூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. மாடுகளை ஏற்றிச் செல்லும் கொடுமையைப் படம் பிடித்து 2000இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா நடத்திய பிரசாரத்தில் கேப், மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் போன்ற நிறுவனங்கள் இந்தியத் தோலை வாங்குவதை நிறுத்தின. பதனிடும் தொழிற்சாலை வாசலுக்குள் நடக்காத ஒன்றுக்காக அதன் ஆர்டர் நின்றது. லாரி யாருடையது என்று காவல் நிலையம் கேட்காத கேள்வியை வெளிநாட்டு வாங்குபவர் கேட்க ஆரம்பித்தது அப்போதிருந்துதான். தோல் எந்த அறுவைக்கூடத்திலிருந்து வந்தது என்பதை ஏட்டில் காட்டுவது இன்று ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் தணிக்கையில் ஒரு பகுதி. அந்த ஏடு அறுவைக்கூடத்து வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால், மாட்டின் காதில் குத்திய மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது; மாட்டை யார் வளர்த்தார் என்பது அரசின் கணினியில் இருக்கிறது. காது தலையோடு போகிறது, தோல் தனியாகப் போகிறது. வில்லையில் உள்ள எண்ணை அறுக்கும்போது எழுதி வைக்க யாரும் இல்லையென்றால் தொடர்பு அங்கே அறுந்துவிடுகிறது.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டை தனியானது. பொய்கையில் ஏற்றிய வண்டி ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த மாவட்டத்துக்குள் போய்விடும். வேலூர் சங்கத்தின் ஆய்வாளர் அங்கே வெளியூர்க்காரர். ஆகவே பெயரைப் பிடிக்க வேண்டிய இடம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி இல்லை. மாடு வண்டியேறும் பொய்கைச் சந்தையிலேயே, மருத்துவர் சான்று கொடுக்கும் அதே மேசையில், அனுப்புபவர் பெயரையும் பெறுபவர் பெயரையும் சிவப்பு மையில் எழுதி வண்டியில் ஒட்டி அனுப்பினால், சாலையில் யாரும் யாரையும் மறித்துப் பெயர் கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை; செவ்வாய்க்கிழமைகளில் அந்த மேசையில் ஒரு மருத்துவர் உட்கார வேண்டும்.